ஓட்டையில் தெரியாதவர்கள்

என் கருவிழியில் மேடு பள்ளம் விழுந்ததிலிருந்து வீட்டில் கணவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் பெயர் சென்னியப்பன்தான். நடுவில் இருப்பவர் பளிச்சென்று இருப்பார், சத்தமும் அவருக்குத்தான் அதிகம். இடதுபுறம் இரண்டு பேர் சரிந்து நிற்பார்கள். வலதுபுறம் ஒருவர் எந்நேரமும் முதுகைச் சொறிந்துகொண்டிருப்பார். ஐந்தாமவர் எல்லாருக்கும் கீழே, கொஞ்சம் மங்கலாக இருப்பார். சமையலறைக்குள் வந்து, "நீ செத்த உக்காரு கலாமணி, டீ நான் வெக்கறேன்" என்று சொல்கிற ஒரே ஆள் அவர்தான்.

ஆறு வருஷமாக ஐந்து பேருக்கும் வடித்துக் கொட்டியதில் எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. ஆத்திரம் தீரத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு திட்டு ஐந்தாகப் பிரிந்து போவதால் ஒருத்தருக்கும் உறைக்காது.

ஈரோட்டில் டாக்டர் விசாலம் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணாடி போட்டா தீராதும்மா. வெளிச்சம் கண்டபடி வளைஞ்சு உள்ள போகுது. சின்ன ஓட்டை வழியா மட்டும் விட்டா ஒண்ணாத் தெரியும். கொஞ்சம் இருட்டா இருக்கும், பரவால்ல" என்றார். மேஜை டிராயரிலிருந்து ஒரு மேரி பிஸ்கட்டை எடுத்து, அதன் நடு ஓட்டையில் ஊசியால் குத்தி, தூளை ஊதிவிட்டுக் கொடுத்தார். ஓட்டையில் தெரியாதவர்கள் பொழுது சாய்வதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதியிருந்தார்.

"சார், நீங்களும் ஒருக்கா பாத்துருங்க" என்றார் டாக்டர்.

"எங் கண்ணுக்கு என்னங்க கேடு?" என்றார் நடுவில் இருந்தவர். இதே மனுஷன்தான் வீட்டில் ஒரு டீக்கு என்னை ஐந்து தடவை கூப்பிடுவார், ஒவ்வொரு கலாமணிக்கும் ஒரு தடவை.

வீட்டுக்கு வந்து நான் முகம் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் நடுவில் இருப்பவர் என் பார்வையை டீயில் நனைத்துத் தின்றுவிட்டார். கேட்டால் மற்ற நால்வரையும் கை காட்டினார். மறுநாள் டாக்டரிடம் போய் இன்னொன்று வாங்கி வந்தேன். அதையும் தின்றார். சர்க்கரை கம்மி என்று குறை வேறு. என் தலையெழுத்து! மூன்றாவதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

அதை எடுத்துப் பார்க்க எனக்கே நாலு நாள் தைரியம் வரவில்லை. யார் மிஞ்சுவார் என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்கு ஐந்தாமவர்தான் வேண்டும். அதை வாய்விட்டுச் சொன்னால் நடுவில் இருப்பவர் ஊரைக் கூட்டிவிடுவார்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேரையும் சுவரோரம் உட்காரவைத்தேன். எதிரில் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கண்ணில் பிஸ்கட்டை வைத்தேன். அறை மங்கியது. ஓட்டையில் ஒரே ஒருவர் தெரிந்தார். புருவத்து நரை முடிகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"ஏம்புள்ள, என்ன பார்வை? டீ எங்க?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிஸ்கட்டை இறக்குவதற்குள் மற்ற நால்வரும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாமவர் மட்டும் சமையலறைக்குப் போய் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "பொங்கிரும், அதான். போய்ட்டு வரேன் கலாமணி" என்றார். போகாதீங்க என்று எப்படிச் சொல்வது? சீட்டில் எழுதியிருக்கிறதே.

"அப்படி என்னதான் தெரியுது இதுல?" என்று சென்னியப்பன் பிஸ்கட்டைப் பிடுங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் ஐந்து கலாமணிகளில் ஒருத்திதான் தெரிந்தாள், அடுப்படியில் டம்ளரோடு நிற்பவள்.

"ஆ, இப்பத்தான் சரியா இருக்குது. டீயக் கொண்டா" என்றார்.

அவள் டீ வைக்கப் போனாள். நான் அவளில்லை. மற்ற மூன்று கலாமணிகளோடு நானும் கொடியிலிருந்து ஒரு மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டேன். வாசலைத் தாண்டும்போது உள்ளே பிஸ்கட் கடிபடும் சத்தம் கேட்டது.

சத்தியமங்கலம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கூட்டம் நெரிந்தது, அத்தனை பேரும் ஓட்டையில் தெரியாதவர்கள். ஐந்தாமவர் ஜன்னலோரத்தில் எனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.