மழை வாத்தியாரின் சர்வர்

இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடுகிற சர்வர் கம்பெனி அனுப்பிய விண்ணப்பத்தில் பதினான்கு கேள்விகள் இருந்தன. பதின்மூன்றுக்கு அவள் மளமளவென்று பதில் எழுதிவிட்டாள். பதினான்காவதில் வண்டி நின்றுவிட்டது. கடந்த இரண்டு வருஷத்தில் உங்கள் இணையதளத்துக்கு மிக அதிகமானவர்கள் வந்த பத்து நாட்களை எழுதவும், ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் என்றும் குறிப்பிடவும் என்று கேட்டிருந்தார்கள். கேள்வியில் ஒரு வில்லங்கமும் இல்லை. தனி சர்வர் எடுக்க வருகிற எவரிடமும் கேட்கிற கேள்விதான். வில்லங்கம் பதிலில் இருந்தது.

இணையதளம் அவள் கணவருடையது. இன்றைக்கு மழை உண்டா, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று தினமும் காலை ஆறு மணிக்கு எழுதுவார். வாசகர்கள் அவருக்கு வைத்த பெயர் மழை வாத்தியார். மனிதர் ஒரு நாள்கூட சாக்பீஸைத் தொட்டதில்லை. டைல்ஸ் கம்பெனியின் கிடங்கில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வானத்தைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். வானம் அவருடைய இலாகா. வானத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் அவளுடையது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தச் சுரங்கப்பாதையில் போக முடியாது என்று வாசகர்கள் குறித்து வைக்கிற வரைபடத்தைக் கட்டியதும் அவள்தான், அதில் உடம்பு இளைக்கிற மருந்துக்கு விளம்பரம் ஒட்டப் பார்க்கிறவர்களைத் துரத்துவதும் அவள்தான்.

இதுவரை அந்தத் தளம் பொது சர்வர் ஒன்றில், வேறு இருநூறு தளங்களோடு ஒண்டுக் குடித்தனம் இருந்தது. சாதாரண நாட்களில் பிரச்சினை இல்லை. மழை என்றால் மட்டும் இவர்கள் வீட்டுக் கூட்டம் மற்ற இருநூறு பேரையும் வாசலில் தள்ளிவிடும். போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து மிகவும் மரியாதையான ஒரு கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள் என்பதை அதைவிட இனிமையாக யாராலும் எழுத முடியாது. மழைக்காலம் தொடங்க மூன்று வாரம்தான் பாக்கி.

புதுக் கம்பெனியில் மூன்று அளவில் தனி சர்வர் கிடைத்தது. சின்னது, நடுத்தரம், பெரியது. வாடகையும் அதற்கேற்ப ஏறியது. சின்னதை எடுத்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: இரண்டு நாள் முன்னால் சொன்னால், கேட்கிற நாட்களுக்கு மட்டும் பெரியதற்கு மாற்றித் தருவார்கள். இதைப் படித்ததும் கணவருக்குக் குஷி தாங்கவில்லை. நமக்காகவே யோசித்துப் போட்ட திட்டம் என்றார். மற்ற தளக்காரர்களுக்குக் கூட்டம் எப்போது வரும் என்று தெரியாது, நமக்குத் தெரியுமே, இரண்டு நாள் என்ன, ஐந்து நாள் முன்னாலேயே சொல்கிறேன், மழை வருகிற வாரம் பெரியது, மற்ற வாரம் சின்னது, வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் பார் என்றார். கேட்பதற்கு அப்பழுக்கில்லாத யோசனை. அவளும் சரி என்றுதான் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் பதினான்காவது கேள்வி.

வருகைப் பதிவைத் திறந்து, எண்ணிக்கை வாரியாக அடுக்கி, மேலே நின்ற பத்து நாட்களை அச்செடுத்தாள். சும்மா ஒரு ஆவலில், அந்தந்த நாள் காலையில் கணவர் என்ன எழுதியிருந்தார் என்று பக்கத்தில் திறந்து பார்த்தாள். முதல் நாள்: 'லேசான தூறல். துணி காயப்போடலாம்.' அன்றைக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. இரண்டாவது நாள்: 'மாலை வரை வெயில்.' பதினோரு மணிக்கே கொட்டியிருந்தது. மூன்றாவது நாள் அவர் பெருமழை என்று எச்சரித்து, ஊரே கடையை அடைத்து வீட்டுக்குள் இருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. அன்று வந்த முப்பதாயிரம் பேரும் திட்டுவதற்காகவே வந்தவர்கள். பத்தில் எட்டு நாள் இப்படித்தான்.

யோசித்தால் புரிகிற விஷயம்தான். அவர் சரியாகச் சொன்ன நாட்களில் ஜனங்கள் முந்தின நாளிலிருந்தே ஆளுக்கொரு நேரத்தில் வந்து பார்த்துவிட்டு, குடையை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தப்பாகச் சொன்ன நாளில்தான் அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில், நனைந்த தலையோடு, இங்கே வந்து விழுகிறார்கள். அதாவது பெரிய சர்வர் தேவைப்படுகிற நாள் எது என்பதை அவரால் மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சொல்லப் பயப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், 'வானம் தெளிவு, குடை வேண்டாம்' என்று எழுதினார். மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் பொத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். இரண்டு இருபதுக்குத் தளம் விழுந்தது, ஆறு மணிக்குத்தான் எழுந்தது. ஒரு பெண், எந்த வழியில் போகலாம் என்று பார்க்க முடியாமல், குழந்தையோடு காரைச் சுரங்கப்பாதையில் இறக்கி, ஜன்னல் வழியாக வெளியே வந்திருக்கிறாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் பதினோரு நாள் அவர் ஒரு வரி எழுதவில்லை. கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டதும் போய்விடுவார். என்னங்க என்றால் ஒன்றுமில்லை என்பார். பன்னிரண்டாம் நாள் அவராகவே மறுபடி எழுத ஆரம்பித்தார். இன்னொரு தடவை அப்படி உட்கார்ந்தால் மனுஷன் எழுந்திருக்கமாட்டார் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

தம்பியிடம் பேசினாள். அவனுக்கு ஒரு பெரிய ஆபீஸில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. பட்டியலைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, அதிகபட்சம் முப்பத்தெட்டாயிரம் பேர் என்றால் நடுத்தர சர்வரே தாராளம், வருஷம் முழுக்க அதையே வைத்துக்கொள் என்றான். கணவரிடம் என்ன சொல்வது என்று கேட்டாள்.

"எதுக்குக்கா சொல்லணும்? அந்தச் சலுகை மழைக்காலத்துல கிடையாதாம்னு சொல்லிடு. முடிஞ்சுபோச்சு."

அவளுக்கும் அதுதான் சுலபமாகத் தோன்றியது. சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே, யாருக்கோ வந்த சேதி போல, கம்பெனியில் அந்தச் சலுகையை மழைக்காலத்தில் தரமாட்டார்களாம், நடுத்தரத்தையே எடுத்துவிடலாம் என்றாள். அவர் அப்படியா என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தோடு விட்டிருந்தால் அவர் கிடங்கில் வேலை பார்த்தவர் ஆகமாட்டார். பத்து வருஷம் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து எண்ணிப் பார்த்தே கையெழுத்துப் போட்ட மனிதர். மறுநாள் காலை கம்பெனிக்குத் தானே போன் போட்டார். பேசிய பெண், அப்படியெல்லாம் இல்லை சார், எந்த மாதத்திலும் தருகிறோம், வீட்டம்மாவிடம்கூட விவரமாகச் சொன்னேனே என்று அவள் குட்டை அழகாக உடைத்துவிட்டாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் பொய் சொன்ன?"

சமாளிக்க இரண்டு மூன்று காரணம் வாய் வரை வந்தது. பொய் மேல் பொய்யாக அடுக்கத் தெம்பில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நிறையப் பேர் வந்த நாட்கள் என்று மட்டும் சொன்னாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தேதியும் எண்ணிக்கையும் தவிரத் தாளில் வேறொன்றும் இல்லை. அவர் பேனாவை எடுத்து, எதையும் திறந்து பார்க்காமல், ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அன்று காலை தான் எழுதியதை எழுதிக்கொண்டே போனார். லேசான தூறல். மாலை வரை வெயில். பெருமழை, வெளியே போகவேண்டாம். ஒரு வார்த்தை பிசகவில்லை. சரியாகச் சொன்ன இரண்டு நாட்களுக்கும் ஒரு சின்ன டிக் போட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரை இப்படி உட்காரவைத்துவிட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

எழுதி முடித்துத் தாளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

"அந்த நாளைக் காணோமே?"

எந்த நாள் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பதிவைத் திறந்து தேடினாள். அந்தத் தேதிக்கு நேரே நாலாயிரத்துச் சொச்சம் என்றிருந்தது. ஒரு சாதாரண வெயில் நாளில் வருகிற கூட்டம். அதனால்தான் முதல் பத்தில் வரவில்லை என்று வாய் திறந்து சொல்லப் போனவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். இரண்டு இருபது வரை உள்ளே வந்தவர்கள் நாலாயிரம் பேர். அதற்கப்புறம் ஆறு மணி வரை கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியவர்கள் யாரும் பதிவில் இல்லை. விழுந்து கிடந்த சர்வர் யாரை எண்ணும்? ஆறு வருஷமாக இந்தத் தளத்தைக் கட்டி ஆள்கிற அக்காவும், சர்வர் மேய்க்கிற தம்பியுமாகச் சேர்ந்து, எந்த நாளுக்காகப் பெரிய இடம் வேண்டுமோ அந்த நாளையே விட்டுவிட்டு அளவெடுத்திருக்கிறார்கள். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அன்றைக்கு எவ்வளவு பேர் வந்திருப்பார்கள் என்று இனிமேல் எப்படிக் கண்டுபிடிப்பது என்றாள், பாதி தனக்கே சொல்லிக்கொள்வது போல.

அவர் எழுந்துபோய்த் தன் கம்ப்யூட்டரில் ஒன்றைத் திறந்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். அஞ்சல் பெட்டி. அந்த ஒரு நாளின் மழையைப் பற்றி வந்தவை மட்டும் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். ஒவ்வொன்றின் கீழும் அவர் எழுதிய பதில் இருந்தது. நகல் எடுத்து ஒட்டிய பதில் இல்லை. சுரங்கப்பாதைப் பெண்ணுக்கு ஒன்றரைப் பக்கம், ஸ்கூட்டர் போனவருக்கு நாலு வரி, வெறும் கெட்ட வார்த்தை மட்டும் எழுதியவருக்குக்கூட, நீங்கள் சொல்வது சரி என்று ஒரு வரி. தேதிகளைப் பார்த்தாள். பதினோரு நாளும் வரிசையாக இருந்தன.

"கதவைச் சாத்திக்கிட்டு இதையா பண்ணிட்டிருந்தீங்க?"

"பின்னே? பதில் சொல்லாம அடுத்த நாள் மழையை எப்படி எழுதுறது?"

பத்து மாதமாக அவளைக் கலக்கிக்கொண்டிருந்த பயத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் அதற்குள் கணக்குக்குப் போய்விட்டார். நம் தளத்துக்கு நூறு பேர் வந்தால் எத்தனை பேர் எழுதுவார்கள் என்று கேட்டார். சாதாரணமாக ஒருவர், கோபத்தில் இருவர் என்றாள்.

"ரெண்டுன்னே வெச்சுக்கோ. லட்சத்தைத் தாண்டுது. நடுத்தரம் காணாதும்மா. பெரிசை எடு. வருஷம் பூரா."

"வாடகை?"

"நான் தப்பாச் சொல்ற நாளுக்குத்தானே அது வேணும். அந்த நாள் எதுன்னு எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் தப்பாச் சொல்லப்போறேன்?"

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். சிரித்தது அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திறந்தாள். பதினான்காவது கேள்வியில் பத்து நாட்களையும் எழுதி, அவற்றுக்கு மேலே அந்த நாளை எழுதி, எண்ணிக்கைக்கு நேரே ஒரு லட்சத்து ஐயாயிரம் என்று போட்டாள். கம்பெனிப் பெண் மறுநாள் கூப்பிட்டு, இதற்குப் பதிவு ஆதாரம் இல்லையே மேடம் என்றாள். ஆதாரம் இருக்கிறது, படிக்கப் பதினோரு நாள் ஆகும், அனுப்பட்டுமா என்று இவள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் தளம் புது சர்வருக்கு மாறியது. தம்பி போனிலேயே கூட இருந்து இரண்டு இடத்தில் தப்புக் கண்டுபிடித்தான், ஒன்று உண்மையிலேயே தப்பு. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மழை வாத்தியார் வழக்கம்போல எழுதினார். எழுதியதை எழுத்துப்பிழை பார்க்க அவளிடம் காட்டினார். அவள் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

'இன்று மழைக்கு வாய்ப்பில்லை. நான் சொன்னது தப்பாகப் போனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இங்கே வாருங்கள். இப்போது இடம் இருக்கிறது.'