காக்காவுக்கு ஒரு சீட்

மடியில் அந்தக் கனம், கனம் என்று சொல்வதா சூடு என்று சொல்வதா, சிமென்ட் மூட்டையும் கம்பிக்கட்டும் ஏற்றி இறக்கிப் பழகிய இந்த உடம்புக்கு இது புதுசு, ஜன்னலுக்குக் கீழே மேகம் வெள்ளை வெள்ளையாய்க் கிடக்கிறது, கலவையைக் கொட்டி மட்டம் தட்டாமல் விட்டுப்போன தளம் மாதிரி, என் கட்டைவிரலை ஒரு குட்டிக் கை பிடித்திருக்கிறது, விட்டால் நான்தான் கீழே விழுந்துவிடுவேன் என்று அதற்கு எண்ணம் போல, இது என் பிள்ளை இல்லை, என் தங்கச்சி பிள்ளையும் இல்லை, ஆனாலும் கால் மரத்துப்போன பிறகும் நான் அசையவில்லை, எங்கே உட்கார்ந்திருக்கிறேன், ஏரோப்ளேனிலா, எங்கள் ஊர் ஐயனார் கோயில் வாசலிலா, கண் சொருகும்போது இரண்டும் ஒன்றாகிப் போகிறது, இஞ்சின் சத்தத்துக்குள் உறுமி கேட்கிறது, தங்கச்சி தனக்கொடி கூப்பிடுகிறாள், ண்ணே, வந்துருவல்ல.

வந்துருவேன் என்றுதான் போனில் சொன்னேன், அவளுடைய மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது எனக்கு லீவு தரவில்லை, தாய்மாமன் மடிக்குப் பதிலாக யாரோ ஒன்றுவிட்ட ஆளை உட்காரவைத்துக் காரியத்தை முடித்தார்கள், அன்றிலிருந்து அவள் மாமியார் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் கேட்கிறாளாம், ஒங்க அண்ணன் நெசமாவே இருக்கானா, இல்ல போட்டோவுல மட்டுந்தானா, இந்தத் தடவை சின்னவளுக்கு, தர்ஷிகாவுக்கு, கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்து, ஊரக் கூட்டிச் சொல்லிட்டேண்ணே, எங்கண்ணன் மடியிலதான்னு சொல்லிட்டேன், அவள் சொல்லச் சொல்ல நான் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், ஒரு ஜோடித் தோடு, பிள்ளைக் காதுக்கான அளவு, பொட்டலமாய் மடித்து உள்பையில் வைத்துத் தைத்தேவிட்டேன்.

ஆனால் சவுதியில், நான் ப்ளேன் ஏறிய தம்மாமில் புழுதி கிளம்பியது, பகலிலேயே வானம் செங்கல் நிறம், ப்ளேன் எங்களை உள்ளே ஏற்றிவைத்துக்கொண்டு நகராமல் நின்றது, நின்றது நின்றதுதான், மஸ்கட்டில் போய் இறங்கினால் திருச்சிக்குப் போகிற ப்ளேன் புறப்பட்டுப் போய்விட்டிருந்தது, எல்லோரும் ஓடுகிறார்கள், எதற்கு எங்கே என்று தெரியாமல் நானும் ஓடுகிறேன், பளபளவென்று தேய்த்த தரை, பலகை பலகையாய் எழுத்து, ஒன்றும் என் எழுத்தில்லை, அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம், காக்கா, ஓய் காக்கா, நில்லுங்க காக்கா.

காக்கா. கூலிக்காரர்கள் தங்குகிற கேம்பில் எனக்கு அதுதான் பெயர், வெயிலில் கருத்து, அந்தக் கருப்பின் மேல் இன்னொரு கருப்பு ஏறி, ராச்சோற்றுக்கு உட்கார்ந்தால் காக்காவுக்குச் சோறு வெச்சாச்சாடா என்பார்கள், சிரித்துக்கொண்டே தின்றிருக்கிறேன், ஆனால் இங்கே, ஊர் பேர் தெரியாத இடத்தில், முகம் தெரியாத ஒரு பொம்பளையா, திரும்பினேன், இடுப்பில் பிள்ளையும் தோளில் பையும் கையில் பையுமாய் ஒருத்தி, முக்காடு நழுவ ஓடிவருகிறாள், யாரும்மா காக்கா, கருப்பா இருந்தா என்ன வேணாலும் கூப்பிட்டுருவியா என்று கேட்டேவிட்டேன். அவள் அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அந்தக் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு, அல்லா, எங்க காயல்பட்டணத்துல கூடப்பொறந்த மூத்தவன காக்காண்டுதான் கூப்புடுவோம், அண்ணன்தான் காக்கா, நான் ஒங்க கலரப் பாக்கல, கை ரெண்டும் சும்மா இருக்கேண்டு பார்த்தேன், இந்தப் பையப் புடிங்க.

பிடித்தேன். அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை. ஜொஹரா என்று பெயர், புருஷன் ஜுபைலில் கடையில் நிற்கிறான், இவள் பிள்ளையை உம்மா வாப்பாவிடம் காட்டக் கொண்டுபோகிறாள், பிள்ளை நஸ்ரின், பல் இரண்டு, அத்தனை பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவள் மட்டும் உட்காரவில்லை, கேட்டாள், மறுபடி கேட்டாள், அரபியில் பாதி, கையில் பாதி, ப்ளேன் கம்பெனி மேசைக்காரன் முதலில் தலையைத் தூக்காமல் பேசினான், பிறகு தூக்கினான், பிறகு பிள்ளைக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான், சண்டை போடாமல் ஒரு ஆளை மனுஷனாக்குவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், எங்கள் சைட்டில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் என்று நினைத்தேன், திரும்பி வந்து சொன்னாள், கொழும்பு வழியா அனுப்புறாங்களாம் காக்கா, அங்கேருந்து எனக்கு மதுர, ஒங்களுக்குத் திருச்சி, எந்திரிங்க.

கொழும்பில் இறங்கி நடந்தால், நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன், தலைக்கு மேலே பலகையில், சுழித்த சிங்கள எழுத்துக்குக் கீழே, இங்கிலீஷுக்கு மேலே, என் எழுத்து. நாற்பதைத் தாண்டித்தான் நான் எழுத்துக் கூட்டினேன், கூட இருந்த பாபநாசத்துக்காரன் ஷட்டரிங் பலகையில் சாக்கட்டியால் எழுதிக் காட்டுவான், மறுநாள் அதன் மேலேயே கான்கிரீட் விழும், நான் படித்த அ ஆ எல்லாம் எவனோ ஒருத்தன் வீட்டுக் கூரைக்குள் கிடக்கிறது, பு, ற, ப், என்று வாய்விட்டுச் சேர்த்தேன், புறப்பாடு, சத்தமாகவே சொல்லிவிட்டேன், ஜொஹரா சிரிக்கவில்லை, அதுக்குப் பொறவு என்ன போட்டிருக்கு காக்கா, நீங்களே வாசிச்சுக் கூட்டிப்போங்க என்று எனக்குப் பின்னால் வந்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியும், பத்தாவது முடித்தவள், தெரிந்துகொண்டுதான் வந்தாள், அந்தப் பெரிய கட்டடத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் முன்னால் நடந்தேன்.

விடிந்ததும் மேசையில் சொன்னார்கள், திருச்சி ப்ளேனில் இடமே இல்லை, நாளன்றைக்குத்தான். நாளன்றைக்குப் போய் என்ன செய்ய, காது குத்து இன்றைக்கு, வழியெல்லாம் ஜொஹராவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். என் கை சட்டைப்பையைத் தொட்டது, தையல் அப்படியே இருக்கிறது, யார் மடியிலோ உட்காரப்போகிறது பிள்ளை, போட்டோவுல மட்டுந்தானா என்று அந்த அம்மா கேட்கப்போகிறாள், தனக்கொடி தலை குனிந்து நிற்கப்போகிறாள், நான் சுவர் ஓரமாய்ப் போய் உட்கார்ந்துவிட்டேன், மதுரைக்கு ஒரே ஒரு சீட் இருக்கிறதென்று ஏழெட்டுப் பேர் மேசையை மொய்க்கிறார்கள், அவர்களுக்கு நடுவே ஜொஹரா புகுந்தாள், பிள்ளையோட தனியா வாரேன், தூக்கிப் புடிக்க எங்க காக்கா வேணும், அந்த சீட்டை அவருக்குப் போடுங்க. கூட்டத்தில் ஒருத்தன், காக்காவாம்ல, மூஞ்சியப் பாத்தா அப்படியே ஒரே வயித்துல பொறந்த மாதிரிதான் இருக்கு என்றான், நாலு பேர் சிரித்தார்கள், அவள் அவன் பக்கம் திரும்பி, கூடப்பொறந்தவன் நெழல்ல இருந்தா செவப்பா இருப்பான், வெயில்ல நின்னு ஊருக்கு வீடு கட்டுனவன் இப்படித்தான் இருப்பான், ஒங்களுக்கு ஏதும் அவசரமா, இவருக்கு மருமவ காதுகுத்து இண்டைக்கு, மடி வேணும், மடி, சொல்லுங்க, ஒங்களுக்கு என்ன. அவன் பையை இழுத்துக்கொண்டு ஓரமாய் விலகினான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் பாஸ்போர்ட்டையும் அவள் பாஸ்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், என் பெயரில் ஒரு சாமி, அவள் பெயரில் வேறொரு சாமி, தமிழிலேயே சொன்னார், எங்கட ஊர்ல அண்ணன நானாண்டு சொல்லுவம், நீங்க காக்காண்டு சொல்றீங்க, எல்லாம் ஒண்டுதான், தங்கச்சி, பிள்ளைய நல்லாப் புடிச்சிக்கச் சொல்லுங்க நானாவ.

அப்படித்தான் இந்த மேகத்துக்கு மேலே நான், இந்தக் கனம் என் மடியில். மதுரைக்குக் கீழே இறங்க இறங்கப் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது, எனக்கும் காதுக்குள் ஆணி அடிக்கிறது, ஜொஹரா பால் பாட்டிலை என் கையில் திணித்தாள், முழுங்குனா காது தெறக்கும், நீங்களும் எச்சிலை முழுங்குங்க காக்கா, என்றாள், பிள்ளை முழுங்க நானும் முழுங்க, அது என்னைப் பார்க்க நான் அதைப் பார்க்க, படக்கென்று திறந்தது, திறந்த காதில் முதலில் விழுந்தது மதுரை என்ற சொல், தொடையில் வெதுவெதுப்பாய் என்னவோ பரவியது, ஜொஹரா தலையில் அடித்துக்கொண்டாள், சாமி கோயிலுக்குப் போற மனுசன நனைச்சிட்டாளே, போனதும் அலசிருங்க காக்கா, மறந்துராதீங்க, என்றாள், அவள் வாப்பாவின் காரில் மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டபோதும் கண்ணாடியை இறக்கி அதையேதான் கத்தினாள், அலசிருங்க, போயிட்டு வாங்க காக்கா, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது, நான் கையைத் தூக்கி, வர்றேம்மா என்றேன்.

அலசவில்லை. எங்கே நேரம், திருச்சி, அரியலூர், ஷேர் ஆட்டோ, வரப்பு, வெயில் சாய்ந்துவிட்டது, கோயில் தெரிகிறது, பந்தி முடிந்து இலை கிடக்கிறது, ஆசாரி ஊசியைத் துணியில் சுற்றுகிறார், மாமியார் குரல், நேரம் போயாச்சு, இனி யாரு மடியில வெச்சாத்தான் என்ன, அதற்கு மேலே தனக்கொடி குரல், எங்கண்ணன் வர்றவரைக்கும் எம்புள்ள காதுல ஈகூட ஒக்காராது, எத்தனை மைல் தூரத்தில் இவள் ஒருத்தி, அவள் ஒருத்தி, எப்படி ஒரே மாதிரி நிற்கிறார்கள் இந்தப் பொம்பளைகள், நான் நேராகப் போய் மரத்தடிப் பாயில் உட்கார்ந்து மடியை விரித்தேன். தனக்கொடி பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தாள், என் தோளை ஒரு அடி அடித்தாள், பல்லால் கடித்துத் தையலைப் பிரித்துத் தோட்டை எடுத்துக் கொடுத்தேன். சந்தனம் பூசிய மொட்டைத்தலை என் தாடையில் குளிர்ந்தது. பிள்ளை திரும்பி என் முகத்தைப் பார்த்தது, தாடி, கருப்பு, வேற்று ஆள், உதடு பிதுங்கி அழுகை கிளம்பிவிட்டது, ம்மா இது யாரு, என்றது, மாமாடி என்று தனக்கொடி சொல்லவந்தாள், அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது, காக்கா, என்றேன், காக்காவா, எங்க, என்று பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து புளியமரத்தைத் தேடியது, ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார், எங்க காக்கா, எங்க, மறு காதும் முடிந்தது, அப்புறம்தான் வலி தெரிந்து வீறிட்டது, வீறிட்டுக்கொண்டே என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது, மரத்தில் ஒன்றையும் காணாமல் கீழே என்னைப் பார்த்து, நீயா காக்கா, என்று விக்கலோடு கேட்டது, நான்தான், என்றேன், கூட்டம் சிரிக்கிறது, மாமியாரும் சிரிக்கிறாள், பால் காய்ந்த, மூத்திரம் காய்ந்த அந்த மடியில், முன்பே ஒரு பிள்ளை சூடு பண்ணி வைத்த இடத்தில், கனம் சரியாக உட்காருகிறது, கால் மரக்கிறது, நான் அசையவில்லை.