ஒருமனதாக

அந்தக் கட்சிக் கிளையில் எந்தத் தீர்மானமும் தோற்றதே கிடையாது. எப்படித் தோற்கும்? உறுப்பினர்களே இரண்டு பேர்தான். செயலாளர் ஒருவர், தையல்காரம்மா ஒருவர். மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகலில், பன்னிரண்டு நாற்காலி போட்ட அறையில் எதிரெதிராக உட்கார்ந்து, 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். மற்றவர்கள் செத்தார்கள், வேறு கட்சிக்குத் தாவினார்கள், பேரன் பேத்தி என்று ஒதுங்கிவிட்டார்கள். செயலாளருக்கு அதுவும் இல்லை, கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷர். மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் எதிரே ஓர் ஆள் இருக்கும். அதற்கு முந்தின நாளே சட்டையைத் தேய்த்து மாட்டிவைப்பார்.

இந்த ஞாயிறு விஷயம் பெரிது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு நிலைய வாசலில் கல் வைக்கப் போகிறார்கள். கல்லில் யார் யார் பெயர் என்று கிளைதான் எழுதித் தர வேண்டும். ஆறு பெயரில் தகராறு இல்லை. முதல் பெயர் தையல்காரம்மாவின் அப்பா. இன்ஜின் டிரைவர், ஜெயிலுக்குப் போய் வேலையும் இழந்தவர். ஏழாவதாகச் செயலாளர் எழுத நினைத்தது தன் அப்பாவின் பெயரை. அவரைக் கருங்காலி என்று விலக்கிய கட்சி, சாகும்வரை திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. விலக்கப்பட்டவர் பெயரைச் சேர்ப்பதானால் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டம்தான் மனுஷரைப் பாடாய்ப் படுத்தியது.

அப்பா கீமேன். விடிந்ததும் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளம் நெடுக நடந்து, தளர்ந்ததை முடுக்குகிற வேலை. வேலைநிறுத்தம் என்றதும் அவரும் நிறுத்தினார். ஆனால் கால் நின்றால்தானே? யார் யாரையோ வைத்து வண்டி ஓட்டுகிறார்களே, உள்ளே இருப்பது ஜனங்கள்தானே என்று மனசு கேட்காமல் சம்பளமில்லாமலே நடந்தார். பதினோராம் நாள், பாலத்துக்கு அப்பால், இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தில் நான்கு நட்டும் கழற்றப்பட்டிருந்தன. மூன்றைக் காணோம். ஒன்று ஜல்லியில் கிடந்தது. தண்டவாளக் கரையிறங்கிப் போன முதுகு, தையல்காரம்மாவின் அப்பா அந்த டிரைவருடையது. பையிலிருந்த மாற்று நட்டுகளைப் போட்டு முடுக்கும்போது யாரோ பார்த்துவிட்டார்கள். கால் மணி நேரத்தில் வண்டி நிறைய ஜனத்தோடு கடந்துபோனது. அன்று சாயங்காலமே அவர் கருங்காலி.

மகனிடம் மட்டும் சொன்னார். "வெளிய தெரிஞ்சா கட்சி பேரு நாறிடும். வாயத் திறக்காதே." மகனும் திறக்கவில்லை. திறக்காததோடு, அப்பாவைத் துரத்திய கட்சிக்கே ஆயுள் முழுக்க நாயாய் உழைத்தார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! ஜல்லியில் கிடந்த அந்த நட்டு, அப்பா போனபின் கிளை மேசைக்கு வந்து, காகிதம் பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

காரணத்தை எழுதினால் அப்பா பெயர் கல்லில் ஏறும், டிரைவர் பெயர் இறங்கும். செயலாளர் ஏழாவது பெயரை எழுதிவிட்டார். கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தையல்காரம்மா நட்டைக் கையில் எடுத்தார்.

"இதோட மத்த மூணும் எங்க வீட்லதான் இருக்கு, தோழர். துணி வெட்டும்போது பாரமா வைக்கிறேன்."

செயலாளருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். தன் அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது சொன்னாராம், இருபது வருஷமாகிறதாம். மேசைமேல் இந்த நட்டைப் பார்த்ததும் செயலாளருக்கும் தெரியும் என்று புரிந்துவிட்டதாம்.

"நீங்க என்னைக்கு வாயத் திறப்பீங்களோன்னு பயந்துதான் ஒரு கூட்டம் விடாம வந்தேன். இல்லேன்னா எனக்கு எதுக்கு இந்தக் கட்சி?"

இருநூற்று நாற்பது ஞாயிறு. மழையிலும் வந்தார், காய்ச்சலிலும் வந்தார். கொள்கைக்காக வருகிறார், உலகத்தில் நமக்கும் துணையாக ஓர் ஆள் இருக்கிறது என்றல்லவா செயலாளர் நம்பியிருந்தார்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சமாளித்தார்.

எழுதக் கூடாது என்று தையல்காரம்மா சொல்லவில்லை. எழுதினாலும் கையெழுத்துப் போடுவதாகத்தான் சொன்னார். "ஆனா அந்தப் பேரத் தவிர எங்கப்பா எனக்கு எதையும் விட்டுட்டுப் போகல" என்றார்.

செயலாளர் ஏழாவது பெயரை ஒரே கோட்டில் அடித்தார். தையல்காரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் வருவீங்கல்ல?"

"இனிமே எதுக்கு, தோழர்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். படியில் செருப்புச் சத்தம் தேய்ந்தபின் செயலாளர் பதிவேட்டை இழுத்து, ஆறு பெயரையும் எழுதி, கீழே வழக்கம்போல் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதினார். அடுத்த மாதத்திலிருந்து அது பொய்யாகவும் இருக்காது.