மணியத்துக்கு வைத்த எண்ணெய்

சனிக்கிழமை மத்தியானம் சுவர்ணா தன் கிளி மணியத்துக்கு நல்லெண்ணெய் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அது கூண்டின் அடியில் குந்தி நடுங்கிக்கொண்டிருந்தது. தின்னவில்லை, கூப்பிட்டதற்குத் தலை நிமிர்த்தவுமில்லை. அவள் அதைத் துவாயில் சுற்றி, ஒரு சின்னப் பெட்டிக்குள் இருத்தி, கார் ஹீட்டரை உச்சத்தில் வைத்துக்கொண்டு மேற்கு லண்டன் ரெய்னர்ஸ் லேனிலிருந்து கிழக்கே இல்ஃபோர்டுக்குப் புறப்பட்டாள்.

இல்ஃபோர்டில் துஷ்யா இருந்தாள். வார நாட்களில் பறவைகளுக்கும் வைத்தியம் பார்க்கும் மிருக ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ஞாயிறுகளில் தன் ஃப்ளாட்டின் சமையலறையில் தெரிந்தவர்களின் கிளிகளுக்கு நகம் வெட்டிக் குளிப்பாட்டி விடுவாள். சுவர்ணாவை விடப் பத்து வயது குறைவு.

"என்ன பூசினனீங்கள், அக்கா?"

"நல்லெண்ணெய். ரெண்டு கரண்டி இருக்கும்."

"ஏன்?"

"பொடுகு. கூண்டைச் சுத்தி ஒரே வெள்ளைத் தூள். ஹீட்டிங்கில தோல் காய்ஞ்சிட்டுது எண்டு நினைச்சன். நாங்கள் சனிக்கிழமையில வைக்கிறதுதானே."

துஷ்யா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சீயாக்காயும் போட்டனீங்களோ?"

"இல்லை. குளிர் எண்டு விட்டிட்டன்."

"மணியத்துக்கு நல்ல காலம்."

பேச்சோடு பேச்சாக அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சாம்பல் நிற இறகுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. இடையிடையே தோல் தெரிந்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அது பொடுகில்லை அக்கா. இந்தச் சாதிக் கிளியின்ர உடம்பில தானா வாற பவுடர். அதை இறகெல்லாம் பரப்பித்தான் ஈரமும் குளிரும் ஏறாமல் பாத்துக்கொள்ளும். எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிப்போகும், சூடு நிக்காது."

"தப்புமோ?"

"கழுவிப் பாப்பம். இண்டைக்குத் தானா எழும்பிக் கம்பில ஏறிச்சுதெண்டால் பயமில்லை."

சுவர்ணா பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

மணியம் அவளிடம் வந்து மூன்று மாதம். முதல் மாதம் கிட்டப் போனாலே சீறியது. எண்ணெய் வைத்தபோது ஒரு அசைவு இல்லை. இறகை ஒவ்வொன்றாக விலக்கி அவள் தேய்க்கத் தேய்க்க, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. தன்னை நம்பிவிட்டது என்று பூரித்து, அப்போது அவள் இரண்டாவது கரண்டியையும் ஊற்றினாள். அந்த நிற்றலைத்தான் இப்போது அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயத்திலும் ஒரு உயிர் அப்படி அசையாமல் நிற்கும் என்று நேற்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

துஷ்யா தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டுகள் மட்டும் விட்டாள். கிளியின் கழுத்தை இரண்டு விரல்களுக்கிடையில் தளரப் பிடித்தாள். நெஞ்சில் விரல் படவேயில்லை.

"அமத்திப் பிடிக்கக் கூடாது அக்கா. நெஞ்சு விரிஞ்சால்தான் இதுகளுக்கு மூச்சு."

தலையையும் கண்ணையும் விட்டுவிட்டு, இறகு படிந்திருக்கும் திசையிலேயே தண்ணீரை வழிய விட்டாள். பாதியில் மணியம் திமிறி, அவள் பெருவிரலைக் கவ்வியது. இரத்தம் வந்தது. துஷ்யா கையை உதறவில்லை.

"கடிக்கட்டும். கடிக்கப் பலம் இருக்கே."

சுவர்ணா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் கொஞ்சலே இல்லை. ஆனால் கிளி மூச்சு வாங்கும்போதெல்லாம் அவை நின்றன. அது அடங்கிய பிறகே தொடர்ந்தன. கிளி சொல்வதை அந்த விரல்கள் கேட்டு நடப்பது போலிருந்தது. தன் கைகள் ஒருநாளும் எவரையும் கேட்டதில்லை என்று சுவர்ணாவுக்குப் பட்டது. மகள் "வேண்டாம், வேண்டாம்" என்று சொன்ன நாட்களிலும் அவை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டேதான் இருந்தன.

இரண்டு தரம் அலசியதும் துஷ்யா நிறுத்தினாள். வயிற்றடியில் இன்னும் எண்ணெய் மினுங்கியது.

"அது போகேல்லையே?"

"இதுக்கு மேல தாங்காது. மிச்சம் நாளைக்கு. என்னோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன், டொக்டரும் பாக்கட்டும்."

அழுக்கு கண்ணுக்குத் தெரியத் தெரியக் கையை எடுத்துவிட எத்தனை தெளிவு வேண்டும் என்று சுவர்ணா நினைத்தாள். தானென்றால் கடைசிப் பளபளப்பு போகும்வரை தேய்த்திருப்பாள், கிளியின் உயிர் போனாலும்.

ஈரத்தை ஒற்றி எடுத்து, சூடு தரும் விளக்கின் கீழே ஒரு கூண்டில் விட்டார்கள். மணியம் அடியில் விரித்திருந்த துவாயில் சுருண்டது. துஷ்யா விரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். அரை மணி போயிற்று. தேத்தண்ணி ஆறியது.

பிறகு மணியம் ஒரு காலை எடுத்துக் கூண்டுக் கம்பியைப் பற்றியது. அலகால் அடுத்த கம்பியைக் கவ்வி மேலே இழுத்தது. கால் வழுக்கி மறுபடி கீழே வந்தது. சுவர்ணாவின் கை கூண்டுக் கதவுவரை போய்விட்டது.

"அக்கா," என்றாள் துஷ்யா மெதுவாக.

சுவர்ணா கையை மடிக்கு இழுத்து, மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் தரமும் வழுக்கியது. மூன்றாம் தரம் பாதியில் தொங்கி நின்று, மூச்சிரைத்து, மீண்டும் அலகை மாட்டி, உடம்பைத் தூக்கி, கம்பில் ஏறி உட்கார்ந்தது. அங்கிருந்து சுவர்ணாவை ஒரு கண்ணால் அளந்தது. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டது.

"கோவம்," என்றாள் துஷ்யா.

"இருக்கட்டும்," என்றாள் சுவர்ணா.

அந்த நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள்.