நான்கு சொட்டு மெழுகு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் சேப்பலுக்கு, அதாவது எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு, கிளம்பும்போது, கையுறையைத் தேடிப் பட்டறைக்குள் போனேன். பழைய ரேடியோ பழுது பார்க்கும் பட்டறை என்று பெருமைக்குச் சொல்கிறேன். வீட்டுக்குப் பின்னால் முன்பு நிலக்கரி கொட்டி வைத்திருந்த அறைதான் அது. கையுறை கிடைக்கவில்லை. ஸ்டவ்வின்மேல் மெழுகு டப்பா இருந்தது. உள்ளே மெழுகு உருகவே இல்லை. கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது.

"ஐயையோ!" என்று கத்திவிட்டேன்.

என் கணவர் ஹெவின் வாசலில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். "என்ன ஒல்வென், கையுறையப் பூனை தின்னுடுச்சா?"

"நெஸ்டா பாரியோட ரேடியோவுக்கு மெழுகு வைக்கல."

"மெழுகுதானே? நாளைக்கு வெச்சாப் போச்சு."

முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் இந்த மனிதருக்கு ரேடியோவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவருக்குச் சொல்லிப் புரியவைக்க அப்போது நேரமில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பழைய வால்வு ரேடியோக்களில் ஒரு ரகம் உண்டு. விலையைக் குறைப்பதற்காக டிரான்ஸ்பார்மரே வைக்காமல் செய்தவை. சுவரிலிருந்து வரும் கரண்டின் ஒரு கம்பி, நேராக உள்ளே இருக்கும் இரும்புத் தட்டில் போய்ச் சேரும். வெளியே பேக்லைட் என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் கூடு மூடியிருப்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முன்னால் இருக்கிற நான்கு குமிழ்களையும் அந்த இரும்போடு பிடித்து வைத்திருப்பவை நான்கு குட்டித் திருகாணிகள். குமிழின் பக்கத்தில் ஒரு துளை, துளை வாய் வரைக்கும் திருகாணியின் தலை. குமிழைத் திருப்புகிற விரல் சரியாக அங்கேதான் போய் உட்காரும். அதனால் கம்பெனிக்காரன் ஒவ்வொரு துளையையும் மெழுகால் அடைத்துத்தான் அனுப்புவான். நாங்கள் குமிழைக் கழற்றி மாட்டினால், கடைசி வேலையாகத் திரும்ப மெழுகு வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

அந்த அரிச்சுவடியைத்தான் நான் மறந்திருந்தேன். நெஸ்டா பாரியின் மலைவீட்டில் இன்னும் பழைய இரண்டு முள் பிளக். எப்படிச் செருகினாலும் உள்ளே போகும். ஒரு பக்கமாகச் செருகினால் இரும்புத் தட்டு சாதுவாக இருக்கும். திருப்பிச் செருகினால் அத்தனை கரண்டும் திருகாணித் தலையில் நிற்கும். கீழே ஈரக் கல்தரை. ரேடியோ வைக்கும் பலகைக்கு நேர் கீழே இரும்பு அடுப்பு. இடுப்பு வலிக்காரியான நெஸ்டா பாரி அடுப்பின் கம்பியைப் பிடித்துக்கொள்ளாமல் அந்த இடத்தில் நிற்கவே மாட்டாள். எழுபத்திரண்டு வயது. ஒரு கை அடுப்பில், ஒரு கை குமிழில்.



எப்படி மறந்தேன் என்று கேட்கிறீர்களா? பெருமை. வேறொன்றும் இல்லை. அந்த ரேடியோ என்னிடம் வந்தபோது நான்கு குமிழ்களின் விளிம்பிலும் ஜோடி ஜோடியாகப் பள்ளங்கள். எலி கடித்த மாதிரி. யாரோ குறட்டால் பிடித்துத் திருகியிருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கண்டென்சர்களை மாற்ற ஒரு நாள்தான் ஆனது. அந்தப் பள்ளங்களைத் தேய்த்து எடுக்க முழுசாக இரண்டு நாள். கடைசியில் குமிழில் என் முகமே தெரிந்தது. சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே, நெஸ்டா பாரியின் அண்ணன் மகன் கெத்தின் வந்து நின்றான். மெழுகு டப்பாவை ஸ்டவ்மேல் வைத்திருந்தேன், இன்னும் பற்றவைக்கவில்லை. "பாருடா இந்தப் பளபளப்ப" என்று ஒவ்வொரு குமிழாகக் காட்டினேன். அவனும் வாயைப் பிளந்து பார்த்தான். அப்புறம் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதோடு விட்டேனா? சாயங்காலம் நன்றி சொல்ல நெஸ்டா பாரி போன் செய்தபோது பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன்.

"உங்க வீட்டுல யாரு குறட்டால திருப்பினது, மிஸஸ் பாரி? இனிமே விரலாலதான் திருப்பணும். வெறும் விரலால. ஒரு கீறல் பார்த்தேன்னா ரேடியோவத் திருப்பி எடுத்துட்டு வந்துடுவேன், சொல்லிட்டேன்."

"சரி கண்ணு, கோவிச்சுக்காத" என்றாள் பாவம். "விரலாலயே திருப்பறேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு எங்க சேப்பல் ஆராதனைய ரேடியோவுல போடறாங்களாம். இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு நான் எங்க போறது? அதுக்குத்தான் முதல் தடவையாப் போடப்போறேன்."

வெறும் விரலால்! என் வாயாலேயே சொன்னேன்.

போன் செய்தேன். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. கெத்தின் வீட்டில் எல்லாரும் சேப்பலுக்குப் போயிருப்பார்கள். மெழுகு டப்பாவைக் கோட்டுப் பைக்குள் போட்டேன், டெஸ்டரை எடுத்தேன், ஹெவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். "வண்டில ஏறுங்க!"

"சேப்பல் அந்தப் பக்கம்" என்றார்.

"ஏறுங்கன்னா!"

பன்னிரண்டு மைல். பாதையில் பாதி ஒற்றைத் தடம். வழியில்தான் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கிண்டல் பண்ணவில்லை, அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தார் ரோடு வெயிலில் கொஞ்சம் சூடாகியிருக்கவே ஆடுகள் நடுவில் சொகுசாகப் படுத்துக் கிடந்தன. ஹாரன் அடித்தால் தலையைத் தூக்கிப் பார்த்து, இவள் எந்த ஊர்க்காரி என்கிற மாதிரி திரும்பப் படுத்துக்கொண்டன. ஹெவின் இறங்கி ஒவ்வொன்றையும் முழங்காலால் முட்டித் தள்ளினார்.

அப்புறம் மலையேறும்போது மூன்று கேட்டுகள். ஒவ்வொன்றிலும் இறங்கித் திறக்க வேண்டும், கார் போன பிறகு மூட வேண்டும். இரண்டாவது கேட்டில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மூட வேணாம், வாங்க!"

"தெறந்து போட்டுட்டுப் போனா கெத்தினோட ஆடெல்லாம் எறங்கிடும். அவன் என்னக் கொன்னே போட்டுடுவான்."

"இங்க நான் அவன் அத்தையவே கொன்னுட்டு இருக்கேன்யா!"

அப்படியும் அந்த மனிதர் கேட்டை மூடிவிட்டுத்தான் வந்தார். எங்கள் பக்கத்து ஆள் செத்தாலும் கேட்டை மூடிவிட்டுத்தான் சாவான்.

நெஸ்டா பாரி வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது மணி பதினொன்று கடந்து ஆறு நிமிஷம். என்ஜினை அணைத்ததும் பாட்டு கேட்டது. ஐம்பது அறுபது பேர் சேர்ந்து பாடும் சங்கீதம், கதவைத் தாண்டி வெளியே வந்தது. என் ரேடியோதான். கரகரப்பே இல்லாமல், கனமான நல்ல சத்தம். வேறு எந்த நாளாக இருந்தாலும் அங்கேயே நின்று ரசித்திருப்பேன். அன்றைக்குக் கார்க் கதவைக்கூட மூடாமல் ஓடினேன். ரேடியோ போட்டாகிவிட்டது என்றால் குமிழைத் திருப்பியாகிவிட்டது.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

நெஸ்டா பாரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தாள். இடது கை அடுப்புக் கம்பியில். வலது கை ரேடியோவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"தொடாதீங்க!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

"தெரியாமப் பண்ணிட்டேன் கண்ணு" என்றாள். "ஒரே ஒரு தடவைதான். நீ வருவேன்னு யாரு கண்டா?"

"கைல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"மிஸஸ் பாரி, கைல என்ன?"

மெதுவாகக் கையை முன்னால் நீட்டினாள். துணி காயப்போடும்போது மாட்டுகிற மரக் கிளிப். பழையது, கறுத்துக் கல் மாதிரி இறுகிப்போனது. நான் ரேடியோவைப் பார்த்தேன். நான் இரண்டு நாள் தேய்த்த குமிழின் விளிம்பில், ஒன்றுக்கொன்று எதிராக, புத்தம் புதிதாக இரண்டு பள்ளங்கள்.

"நீ சொன்ன மாதிரி விரலால திருப்பலாம்னுதான் போனேன்" என்று அவள் படபடவென்று பேசினாள். "கை வரல கண்ணு. அறுபது வருஷப் பழக்கம். எங்கம்மாவ இது ஒரு தடவை கடிச்சுடுச்சு. அந்தச் சுவர் வரைக்கும் தூக்கிப் போட்டுது. அன்னைக்கு எங்கப்பா கொடியிலேருந்து ஒரு கிளிப்ப எடுத்துட்டு வந்து, 'இனிமே யாரும் இதக் கையால தொடக் கூடாது, கிளிப்பாலதான் திருப்பணும்'னாரு. நான் சின்னப் பொண்ணு, கிளிப்பில்லாமத் தொட்டதுக்கு அடியும் வாங்கியிருக்கேன். உன்கிட்டச் சொன்னா சிரிப்பியேன்னுதான் சொல்லல. ரேடியோவத் திருப்பி எடுத்துட்டுப் போயிடாத. பாட்டு பாதிலதான் இருக்கு."

 டெஸ்டரை எடுத்துக் குமிழின் துளைக்குள் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. இந்தத் திருகாணியில் அத்தனை கரண்டும் இருந்தது. இன்னொரு குமிழில் வைத்தேன். அதிலும் எரிந்தது. நான்கிலும் எரிந்தது.

அப்படியே கல்தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். சேப்பலுக்குப் போட்ட நல்ல பாவாடை, அதைப் பற்றி யாருக்குக் கவலை? என் வயிற்றில் பாலை வார்த்தது அந்தக் கறுத்த மரத்துண்டு.

"ஐயோ, ஒரு கீறலுக்கா இப்படி அழற?" நெஸ்டா பாரி பதறிப்போனாள். "ஹெவின், என்னப்பா இது? நான் வேணா அதத் தேய்ச்சுக் குடுத்துடறேன்."

பின்னால் வந்து சேர்ந்த ஹெவின் டெஸ்டரையும் கிளிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு வந்ததும் அவருடைய வாய்க்கொழுப்பும் திரும்பி வந்துவிட்டது. "என்ன ஒல்வென், கீறல் விழுந்துடுச்சே. ரேடியோவத் தூக்கி வண்டில வெச்சுடட்டுமா?"

"வாய மூடுங்க" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அப்புறம் எல்லாவற்றையும் நெஸ்டா பாரியிடம் ஒப்புக்கொண்டேன். மெழுகை, மறதியை, பெருமையை, ஒன்றையும் விடவில்லை. "நான் சொன்னத மட்டும் நீங்க கேட்டிருந்தீங்கன்னா இப்ப இந்த வீட்டுல பொணம்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அவள் கையிலிருந்த கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் இருந்தது.

"அப்போ ரேடியோன்னா கடிக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"கூடாது மிஸஸ் பாரி."

"எந்த ரேடியோவுமா?"

"எந்த ரேடியோவும்."

"எங்கப்பா, ரேடியோன்னாலே கடிக்கத்தான் செய்யும், நாய் மாதிரி, நாமதான் சூதானமா இருக்கணும்னாரே!" என்று சொல்லி அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

பழைய மெழுகு எங்கே போயிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்புக்கு நேர் மேலே வைத்த ரேடியோ. முதல் குளிர்காலத்திலேயே உருகி வழிந்திருக்கும். ஹெவினிடம் அந்தப் பலகையைக் கழற்றி ஜன்னல் பக்கம் அடிக்கச் சொன்னேன். ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தமா என்று நெஸ்டா பாரி முகம் சுளித்தாள்.

"காலைல அவ்வளவு நேரம் போன் அடிச்சுதே, எடுத்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை போன்ல என்ன பேச்சு? செத்தா திங்கக்கிழமை சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பிளக்கைத் திருப்பிச் செருகி, டெஸ்டர் எரியவில்லை என்று பார்த்து, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அவளுடைய நகப்பூச்சாலேயே ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். எழுபத்திரண்டு வயதில் நகப்பூச்சு எதற்கு என்று கேட்கவில்லை. அவளுடைய அடுப்பிலேயே மெழுகை உருக்கினேன். ரேடியோவைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. நான்கு சொட்டு. அது கெட்டியாகும்வரை எழுந்திருக்காமல் முன்னாலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கெத்தினே வந்து இன்னும் நூறு குமிழைக் காட்டச் சொல்லியிருந்தாலும் அசைந்திருக்க மாட்டேன்.

பிரசங்கத்தின் கடைசிப் பகுதிதான் மீண்டும் கிடைத்தது. திராட்சை போட்ட ரொட்டியில் வெண்ணெய் தடவி ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தாள், கறுப்பாகத் தேநீரும். எனக்கு அப்படி ஒரு பசி.

"இப்பத் தொடலாம், மிஸஸ் பாரி. வெறும் விரலால. ஒண்ணும் ஆகாது."

"நீ மொதல்ல தொடு."

தொட்டேன். நான்கு குமிழையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஹெவினும் வந்து தொட்டுக் காட்டினார். அவள் திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

அதற்குள் கடைசிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவளுடைய சேப்பல் முழுவதும் எழுந்து நிற்கிற பாட்டு. நெஸ்டா பாரி ஜன்னல் பக்கம் போனாள். விரலைக் குமிழுக்கு அருகே கொண்டுபோனாள். நிறுத்தினாள். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து கிளிப்பை எடுத்து, நான் பளபளவென்று தேய்த்து வைத்த குமிழைக் கடிக்க வைத்தாள். பேக்லைட் நறுக்கென்றது.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க" என்றேன். "வழுக்கிடப்போகுது."