நிறைந்தே இருந்த தொட்டி

மருத்துவர் பேச்சை நிறுத்தியதும் மருமகனின் கேலியும் நின்றது. அதுவரை அவன், "பிள்ளை அத்தை மாதிரி வந்துச்சுன்னா, பிரசவம் ஒரு நிமிஷம் தள்ளிப்போனாலும் டாக்டரையே நிக்கவெச்சுக் கேள்வி கேக்கும்" என்று மாமியாரைச் சீண்டிக்கொண்டிருந்தான். மகள் ஸ்கேன் கட்டிலில் படுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். கருவியை மூன்று முறை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு மூவரையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"குழந்தைக்கு மண்டையோடு உருவாகலம்மா. மூளையும் சரியா வளரல. இதயம் துடிக்குது. ஆனா பிறந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல தாங்காது."

"மாத்திரை ஒரு நாள்கூட விடலையே டாக்டர்! தெரிஞ்ச அன்னைக்கே ஆரம்பிச்சேனே!" என்றாள் மகள்.

"உங்க மேல தப்பே இல்ல. மூளையும் முதுகுத்தண்டும் முதல்ல ஒரு சின்னக் குழாயாத்தான் உருவாகும். அது நாலு வாரத்துக்குள்ள மூடிக்கணும். பல பேருக்கு அப்ப உண்டாகியிருக்கறதே தெரியாது. அதனாலதான் அந்த மாத்திரையில இருக்கற ஃபோலிக் அமிலங்கற சத்த மாவுலயே கலந்துடறாங்க. அப்படியும் சிலருக்கு இப்படி ஆகுது. இதுதான் காரணம்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது."

மகள் உடைந்து அழுதாள். தாய் அழவில்லை, வாரங்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை ஆலையின் அந்த ஐந்து வாரத்தில் போய் நின்றது.

அவள் மாவு ஆலையில் காலை முறையின் மேற்பார்வையாளர். கறார் அக்கா என்றால்தான் அங்கே ஆளைத் தெரியும். அரைத்த மாவு பைக்குப் போகுமுன் அதில் ஃபோலிக் அமிலம் சேர்ந்த சத்துப்பொடியைச் சிறுகச் சிறுக உதிர்க்கும் கூம்புத் தொட்டி அவளுடைய பொறுப்பு. முறை மாறும்போது தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியை அவளே ஏற்படுத்தினாள். மதிய முறையின் மேற்பார்வையாளர் தூங்குமூஞ்சி என்று பேரெடுத்தவர். அரைத்தொட்டியோடு ஒப்படைத்ததற்காக ஒருநாள் அத்தனை பேர் முன்னிலையிலும் அவரை அவள் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு தொட்டி எப்போதும் நிறைந்தே இருந்தது. மதியம் அவரே முன்னதாக வந்து நிரப்பிவிடுகிறார், மனிதர் திருந்திவிட்டார் என்று அவள் உள்ளூர மகிழ்ந்தாள். இந்த அம்மாள் தம்மை நம்பாமல் தாமே நிரப்பிவிட்டுப் போகிறார் என்று அவர் கறுவிக்கொண்டார். ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே வெளிப்பட்டிருக்கும். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐந்து வாரம் போனார்கள்.

கடைசியில் கேட்டவர் கிடங்குக்காரர். "என்னக்கா, பொடி மூட்டையெல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கு? உங்க மிஷினுக்குப் பசியே எடுக்கலையா?"

அவள் கம்பியை எடுத்துத் தொட்டிக்குள் குத்தினாள். ஒரு சாணுக்குக் கீழே பொடி ஈரம் கோத்துக் கூரைபோல இறுகியிருந்தது. அதன் அடியில் வெறும் பொந்து. பொடியைத் தள்ள வேண்டிய திருகு வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் பச்சை விளக்கு மோட்டார் ஓடுகிறதா என்பதை மட்டுமே காட்டும். அது ஒழுங்காக எரிந்தது.

மேலாளர் அலட்டிக்கொள்ளவில்லை. "என்ன, விஷத்தையா கலந்துட்டோம்? கலக்காம விட்டோம், அவ்வளவுதானே! இதுக்காக யாருக்கு என்ன ஆயிடப்போகுது? சுத்தம் பண்ணி ஓட்டுங்க."

ஒரு பையின் தையல் கோணினாலும் வண்டியைத் திருப்பி அனுப்புகிறவள், அன்று வாயைத் திறக்கவில்லை. தன் முறையின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சினாள். அந்த ஐந்து வாரமும் சனிக்கிழமை தவறாமல் மகள் வீட்டுக்கு மாவு சுமந்துபோனவளும் அவளேதான். "கடை மாவுல என்னத்தக் கலக்கறானோ, இத மட்டும் சாப்பிடு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். மற்ற பைகள் எந்தெந்த வீட்டுக்குப் போயினவோ, அங்கே எத்தனை பெண்கள் உண்டாகியிருந்தார்களோ!

ஸ்கேனுக்கு மறுநாள் காலை, கருவை அகற்ற, மகளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. முதல்நாள் மாலையில் மருமகன் படிவங்கள் வாங்கப் போயிருந்தான். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நான் என்னம்மா பண்ணேன்? அந்த மாசம் பீரோவ நகத்தினேனே, அதனாலயா?"

"நீ ஒண்ணும் பண்ணலடி. பண்ணது நான்." அவள் தொட்டியைப் பற்றியும் பொந்தைப் பற்றியும் மேலாளரைப் பற்றியும் ஒன்று விடாமல், வரிசை மாறாமல் சொல்லி முடித்தாள்.

மகள் அவள் பக்கம் திரும்பினாள். பிறகு அவள் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கறியாம்மா? நீயாவது, அஞ்சு வாரம் கவனிக்காம விடறதாவது! ஒழுங்கா ஒரு பொய் சொல்லக்கூட உனக்கு வரல."

"பொய் இல்லடி. ஆலைப் பதிவேடு இருக்கு."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"'ஓடுகிறது'ன்னுதான்." அந்த ஐந்து வாரமும் தன் முறையின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நேராக 'ஓடுகிறது' என்று திருத்தமான கையெழுத்தில் அவளே எழுதி ஒப்பமிட்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றாள் மகள். விளக்கை அணைக்கச் சொன்னாள். இருட்டிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"ஏம்மா, மாடிப்படியில ஒருநாள் வழுக்கினேனே, அதுவா இருக்குமோ?"