அழுகண்ணிக்கு நட்ட கோல்கள்

மிளகுக்கொடி தழுவிய மரங்களும் பலாவின் அடர்நிழலும் சூழ்ந்து நிற்க, வாசலூர்பட்டி ஏரிக்கு மேற்கே கொல்லிமலையின் மடியில் விரிந்து கிடக்கும் அச்சேற்றுநிலத்தின்மேல், ஐப்பசித் திங்களின் இளங்காலைப் பனிமூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. நாணலிடையே நெளிந்தோடும் ஒற்றையடிப் பாதையின் இருமருங்கும் மஞ்சளும் ஊதாவுமாய்க் காட்டுப்பூக்கள் நனைந்து தலைதாழ்த்தியிருக்க, மூன்றாண்டுகளாய் அந்நிலத்துக்குக் காவலும் அங்கு வருவோர்க்கு வழித்துணையுமாயிருந்த சுகந்தி, அன்று என்றுமில்லா விரைவோடு நடந்தாள். விரையாமல் என்ன செய்வாள்?

அன்று முற்பகலில் ஆய்வுக் குழுவினர் வரவிருந்தனர். சேற்றின் நடுவே கல் பாவிப் பெரும்பாதை இடுவதா, மலைச்சரிவில் சுற்றிக் கொண்டுபோவதா என்று அவர்களே முடிவு செய்வர். இலைமயிர் ஒவ்வொன்றிலும் பசைத்துளி ஏந்தி, வந்தமரும் சிறுபூச்சியைப் பற்றியுண்ணும் அழுகண்ணிச் செடியைக் கண்ணாரக் கண்டால் பாதை விலகும். காணாவிடின் கல் விழும், நீர் வற்றும், நிலம் மாளும். ஆதலின் முந்தின நாள் மாலையிலேயே சுகந்தி அங்கிருந்த பதினேழு செடிகளையும் தேடிக் கண்டு, ஒவ்வொன்றின் அருகிலும் தழை கட்டிய கோலொன்றை நட்டுச் சென்றிருந்தாள். தழைக்கோல் நின்ற இடத்தில் கை வைக்கலாகாது என்பது அவள் ஊரில் சிறுபிள்ளையும் அறிந்த வழக்கம்.

வளைவு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கோலையும் காணவில்லை. கோல் நின்ற இடமெல்லாம் மெழுகிய தரைபோல் மழமழவென்று செதுக்கப்பட்டுக் கிடந்தது. அடிவாரத்திலிருந்து கூலிக்கு வந்திருந்த மாணிக்கமும் அவர் ஆட்களும் ஓடையில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தனர்.

"வாங்க அம்மணி. பெரியவங்க வாராங்க, பாதையோரத்தைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க. எங்கெங்க செதுக்கோணும்னு நீங்களே குச்சி நட்டு வெச்சுட்டீங்க. வேலை சுளுவா முடிஞ்சுதுங்க," என்றார் மாணிக்கம்.

"அது தொடக்கூடாதுன்னு நட்டதுங்கண்ணா," என்றாள் சுகந்தி.

மாணிக்கத்தின் முகம் வெளிறியது. "எங்க பக்கம் குச்சி நட்டா அங்கதானுங்க வெட்டுவோம். ஒண்ணு விடாம எடுத்துட்டோமே, அம்மணி."

அவள் ஓடிச்சென்று களைக்குவியலை இருகையாலும் கிளறினாள். வேரறுந்து, நசுங்கி, சேற்றோடு சேறாய்க் கலந்துபோனவற்றில் எது அழுகண்ணி, எது புல்லென்று, மூன்றாண்டு பழகிய அவள் விரல்களுக்கே தெரியவில்லை.

கதிர் உச்சியை நெருங்கும் வேளையில் குழுவினர் வந்தனர். "செடிகள் எங்கே?" என்று தலைவர் வினவினார். தவறாமல் சேர்த்துக் கட்டி மாணிக்கம் ஒப்படைத்திருந்த பதினேழு கோல்களையும் சுகந்தி அவர்முன் நீட்டினாள்.

கற்றறிந்த வாசகரே, எவர் கண்ணிலும் படாமல் எத்தனையோ மழைக்காலம் பிழைத்திருந்த செடிகள், அவற்றின்மீது அன்பு வைத்த ஒருத்தி இட்ட அடையாளத்தால் ஒரே காலையில் மண்ணாயின. கோல்களில் அவள் கட்டிய தழை மட்டும் இன்னும் வாடவில்லை.